கருவண்டுக்கு ஏழு மார்க்

உட்கார்ந்த இடத்தில் புகை விட்டுக்கொண்டே மாசமானால் சம்பளம் வாங்குகிற வேலை ஒன்று உண்டென்றால் யார் நம்புவார்கள்? நான் சுருட்டு ருசி பார்க்கிறவன். கம்பெனியில் புதுச்சரக்கு சுற்றி முடித்ததும் ஒன்றை எடுத்துப் பற்ற வைத்து, நிதானமாக இழுத்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். கேட்கிற எல்லோரும் "குடுத்து வெச்ச ஆளுய்யா நீ!" என்பார்கள். காலையில் ரெண்டு இட்லியைத் தின்றுவிட்டு, கட்டைவிரல் தடிமனில் கன்னங்கரேலென்று ஒன்றை இழுத்துப் பார்த்தால் தெரியும் சேதி. தலை கிறுகிறுக்கும், காது மடல் வேர்க்கும். வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு சுவரைப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

கருவாட்டு மண்டிக்காரர்களே, கோழித் தீவன மில்லில் மாரடிக்கிறவர்களே, பெயிண்ட் டப்பாவோடு குடும்பம் நடத்துகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். சேலத்தில் பஸ் ஏறினால் ஆட்டையாம்பட்டியில் இறங்குகிறவரை என் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட என்னைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டேதான் வருவார்கள்.

போன வருஷத்தோடு அந்த வேலை முடிந்தது. கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு வந்திருந்தது. டாக்டர் அதில் துளியூண்டு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். புற்றா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பயந்துகொண்டே எத்தனை நேரம்தான் படுத்திருப்பது? பழசையெல்லாம் எடுத்து எடுத்து நினைத்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அப்போது நினைத்தவைதான் இவை. சோதனை முடிவு என்னவானது என்பதையும் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

பெண் பார்த்த அன்று

எங்கள் அத்தாவுக்குச் சேலத்தில் புகையிலை குடோன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மூட்டைகளுக்கு நடுவேதான் விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்து இது பவானிப் பக்கத்து இலை, இது வேறு ஊர் இலை என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்குதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அதே மூக்குதான் என் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நின்றது.

மும்தாஜைப் பெண் கேட்டுப் போனோம். அவள் அத்தா ஜவுளி வியாபாரி, நெருப்பு மாதிரி மனிதர். "மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாச்சும்?" என்று கேட்டார். கூட வந்த எங்கள் பெரியத்தா, "சேச்சே, பீடி சிகரெட்டு வாசமே ஆகாது" என்று அளந்துவிட்டார். அடுத்த கேள்வி, "என்ன வேலை?" எனக்கோ பொய் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சுருட்டு குடித்துப் பார்த்து மார்க் போடுகிற வேலை என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். பெரியத்தா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். மும்தாஜின் அத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி டீ கொண்டு வரச் சொல்லிவிட்டுச் சொன்னார்:

"கைக்காசைப் போட்டுக் கெட்டுப் போறவனைத்தான் இத்தனை நாளாப் பாத்திருக்கேன். சம்பளம் வாங்கிக்கிட்டுக் கெட்டுப் போறவனை இப்பத்தான் பாக்கறேன். என் பொண்ணு பொழச்சுக்குவா."

மேல்மண்ணு, பாறை, தண்ணி

எங்கள் முதலாளிக்குப் பூர்வீகத் தொழில் சுருட்டு இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆளல்லவா, ரிக் வண்டி வைத்து வடக்கே ஊர் ஊராகப் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருந்தவர். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிற ஆளிடம்கூடப் பேச முடியாது. புழுதியில் சிகரெட்டும் ருசிக்காது. அங்கேதான் கனமான கருஞ்சுருட்டைப் பழகிக்கொண்டார். வண்டிகளை விற்றுவிட்டு ஊர் திரும்பியதும் ஆட்டையாம்பட்டிக்கு வெளியே ஒரு ஷெட்டைப் போட்டுச் சுருட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். எத்தனையோ ரகம் போட்டோம். அவருடைய உயிர் மட்டும் ஒன்றில்தான் இருந்தது. கருவண்டு என்று அவரே பேர் வைத்த கருஞ்சுருட்டு. இலையை அம்பாரம் போட்டு, கருப்பட்டித் தண்ணி தெளித்து, புழுங்க வைத்து, புரட்டிப் புரட்டி, மாசக் கணக்கில் கறுக்க விடுவோம்.

கருவண்டை நான் பற்ற வைக்கிற அன்றைக்கு முதலாளிக்குச் சோறு இறங்காது. எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்குச் சுருட்டும் ஒன்றுதான், போர்க்குழியும் ஒன்றுதான். "பாய், மேல்மண்ணு தாண்டிட்டீங்களா?" என்பார். கருப்பட்டி பொசுங்குகிற வாசம் வருகிறது என்பேன். "பாறை வந்துருச்சுங்களா?" நாக்கின் அடியில் மிளகுக் காரம், கூடவே வறுத்த புளியங்கொட்டை வாசம் என்பேன். "அப்ப தண்ணி?" அங்கேதான் சிக்கல். கடைசி இரண்டு அங்குலத்தில் வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு தொண்டையில் வந்து உட்காரும். என்ன செய்தும் அது போகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏழு மார்க்தான். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். அதற்காக மார்க்கைக் கூட்டிப் போட முடியுமா? ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்:

"ஏனுங்க பாய், எட்டு, ஒம்போது, பத்துன்னு மூணைக் கையிலயே வெச்சிருக்கறீங்களே, அதெல்லாம் ஆருக்குங்க? உங்க மச்சானுக்குங்களா?"

சீரக வாசம்

சுருட்டின் மேல் இலையைச் சுற்றி முடித்ததும் நுனியை ஒட்ட ஒரு பசை வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மரவள்ளிக் கிழங்கு மாவை விட்டால் வேறு எது? சவ்வரிசி செய்கிற சேகோ மில் வாசலிலேயே மாவு கிடைக்கும். தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கண்ணாடி மாதிரி பசை. இது நடந்தது நல்ல சித்திரை வெயிலில். அன்றைக்கு முதல் சுருட்டை எடுத்து வாயில் வைக்கிறேன், பற்ற வைக்கவே இல்லை, நாக்கு நுனியில் சுரீரென்று காரம். கூடவே புளிப்பு. அப்புறம் சீரகம்.

"முதலாளி, இதுல பச்சை மிளகாய், எலுமிச்சை, சீரகம் எல்லாம் இருக்கு" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று மோர் வாங்கிக் கொடுத்தார். அடுத்த சுருட்டும் அப்படியே. அவரே ஒன்றை வாயில் வைத்தார். முகம் மாறியது. எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று முடிவு கட்டி, பூசாரியைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார். இந்தக் கூத்து நடக்கும்போதே ஷெட்டை ஒட்டின ஆபீஸ் மொட்டை மாடியில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு முழு வேட்டி நிறைய வடகம் காய்ந்துகொண்டிருக்கிறது. சுருட்டு சுற்றுகிற பெண்கள் கோடையில் அங்கேதான் சவ்வரிசி வடகம் போடுவார்கள். நொய்ச் சவ்வரிசியைக் குழையக் காய்ச்சினால் அதுவும் பசை மாதிரியே இருக்குமா, பாத்திரம் மாறிப்போய்விட்டது. வடகக் கூழ் கீழே சுருட்டுக்கு வந்துவிட்டது. பசை மாடிக்குப் போய்விட்டது.

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் வேலை பாழ். சுற்றுகிறவர்களில் மூத்தவர் காளியம்மாக்கா. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தோம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் கேட்டது இதுதான்:

"சுருட்டு எக்கேடோ கெட்டுப் போகட்டும் சாமி, எங்க வடகத்துல ஒரு கல்லு உப்பு இல்லாமப் போச்சே, அதுக்கு ஆரு பதில் சொல்றது?"

நோன்பு மாதம்

ரமலான் மாதத்தில் சுருட்டைத் தொட மாட்டேன். முதலாளி அதற்குத் தகுந்த மாதிரி வேலையை முன்னே பின்னே தள்ளி வைத்துவிடுவார். நான் ஷெட்டில் உட்கார்ந்து இலையை மட்டும் பிரித்துக்கொண்டிருப்பேன். அந்த மாதம் முழுக்க அவர் என் எதிரில் பற்ற வைத்ததே இல்லை. புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்று குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வேட்டியை உதறிக்கொண்டு வருவார். எனக்கா தெரியாது? எந்த அம்பாரத்து இலை என்பதுவரைக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மரியாதைக்கு முன்னால் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இலையை மோந்து பார்க்கிறேனே, நோன்பு முறியுமா? பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "எங்கே, எப்படி மோப்பே, காட்டு" என்றார். ஜேபியில் கிடந்த கறுத்த இலைத் துண்டு ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, மெதுவாக இழுத்தேன். கண்ணைத் திறந்தால் ஹஜ்ரத் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னார்:

"மோந்து பாத்தா நோன்பு முறியாது நசீரு. ஆனா மோக்கும்போது உன் மூஞ்சி போற போக்கைப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குப்பா."

பண்ணைக்காரர்

நாமக்கல்லிலிருந்து ஒரு கோழிப் பண்ணைக்காரர் மாசாமாசம் வந்து கருவண்டு வாங்கிப் போவார். ருசிக்காக இல்லை. எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் உடம்பில் கோழி வாசம் போவதில்லை, கருவண்டு ஒன்றைக் குடித்துவிட்டு வீட்டுக்குள் போனால் அது அமுங்கிவிடுகிறது என்று பெருமையாகச் சொல்வார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா பாய், மருந்து மாதிரி வேலை செய்யுது!" என்பார்.

ஒருநாள் காரில் ஓர் அம்மா வந்து இறங்கினார். பண்ணைக்காரரின் சம்சாரம். கையில் பிரிக்காத கருவண்டுப் பெட்டி. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரக்கூட இல்லை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"இதை நீங்களே வெச்சுக்குங்க. கோழி நாத்தமே தேவலீங்க."

ஜேடர்பாளையத்தில் ஒரு நிபுணர்

பெங்களூரில் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குச் சுருட்டு தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற மனிதர் ஒருவர் வந்தார். அவர் மார்க் போடுவது நூற்றுக்கு. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளியை ஷெட்டில் உட்கார வைப்பதாவது என்று ஜேடர்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். காவிரித் தடுப்பணைப் பக்கம் மர நிழலில் பாயை விரித்து, சுடச்சுட மீன் வறுவல் வாங்கி வைத்தார். நான் பொரியும் தண்ணீரும்தான். ருசி பார்க்கிற அன்றைக்குக் காரம், எண்ணெய் எதுவும் நாக்கில் படக்கூடாது. வந்தவர் மீனை ஒரு கை பார்த்துவிட்டு, விரலைச் சப்பிக்கொண்டே கருவண்டைப் பற்ற வைத்தார். எனக்குத் திக்கென்றது. மிளகாய்ப்பொடி ஊறின நாக்கில் என்ன தெரியும்?

அவருக்கு எல்லாம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பதப்படுத்தின தோல் என்றார், சாக்லேட் என்றார், பழைய புத்தகத்தின் வாசனை என்றார். முதலாளி என் காதில், "ஏனுங்க, நாம இதுல புத்தகம் எப்பங்க போட்டோம்?" என்றார். கடைசிக் கசப்பு வருகிற இடத்துக்கு முன்னாலேயே அணைத்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று எழுந்தார். எனக்கு மனசுக்குள் புகைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் ஏழு ஏழு என்று அழுதுகொண்டிருந்தவன் நான். ஒருவேளை என் நாக்குத்தான் உதவாத நாக்கோ?

அதன் பிறகு அந்த மனிதரிடமிருந்து போனும் இல்லை, ஆர்டரும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் ஷெட்டைப் பூட்டும்போது, "முதலாளி, அவரு போட்ட மார்க்கையே அட்டைப்பெட்டியில அடிச்சுக்கலாமே" என்று குத்தலாகச் சொன்னேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் சொன்னார்:

"தொண்ணூத்திரண்டு போட்டவரு மீனைத் தின்னுட்டுப் போயிட்டாருங்க. ஏழு போட்டவரு இருவது வருசமா என்ற கூடவே இருக்கறாரு. நான் ஆரு பேச்சைங்க கேக்கறது?"

கடமைக்குக் குடித்தவன்

ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் கன்னத்தில் எரிய ஆரம்பித்தது. சூட்டுக் கொப்புளம் என்று நினைத்தேன். மும்தாஜ்தான் செல்போன் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பார்த்தவள் ஒன்றும் சொல்லாமல் புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, "கிளம்புங்க" என்றாள். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயசு இருந்தால் அதிகம். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். புது இலை வந்தால் நாலைந்து, இல்லாவிட்டால் ஒன்றிரண்டு என்றேன். ஞாயிற்றுக்கிழமை? தொடுவதில்லை, லீவு. நோன்பில்? தொடுவதில்லை. கல்யாண வீடு, சிநேகிதர்கள்? ஐயோ, வேலை நேரத்தைத் தவிர எனக்கு அந்தப் பக்கமே தலை வைக்கப் பிடிக்காதம்மா என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டு, திட்டிலிருந்து கிள்ளி எடுத்துச் சின்னப் புட்டியில் போட்டார். முடிவு வந்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும், அதுவரைக்கும் புகையிலை நிழலே ஆகாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் வாசல் வரைக்கும் வந்த பிறகு, கூப்பிட்டுச் சொன்னார்:

"எங்கிட்ட வர்றவங்க எல்லாருமே ஆசைக்குக் குடிச்சேன்னு சொல்லுவாங்கய்யா. கடமைக்குக் குடிச்சேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

சோப்பு வாசம்

அந்த நாட்களில் முதலாளி தினமும் ஆட்டையாம்பட்டியிலிருந்து மொபெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கை முறுக்கு ஒரு பொட்டலம் கொண்டு வருவார். புண்ணாய் இருக்கிற வாயால் முறுக்கை எப்படிக் கடிப்பது? அவருக்கு அதெல்லாம் தோன்றாது. ஷெட்டில் நடந்ததைச் சொல்வார். ஒருநாள் அவர் குனிந்து தண்ணீர்ச் சொம்பை வைக்கும்போது எனக்கு என்னவோ இடித்தது. அவர் சட்டையில் சோப்பு வாசம்! இருபது வருஷத்தில் அவரிடம் நான் மோந்தே இராத வாசம். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். "எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கறேன்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

முடிவு வந்த அன்றைக்கு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். புற்று இல்லை. ஆனால் இது எச்சரிக்கை மணி, இனி ஆயுசுக்கும் சுருட்டு கூடாது, சில மாதத்துக்கு ஒருதடவை வந்து காட்ட வேண்டும் என்றார். மும்தாஜ் அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெளியே வந்ததும் முதலாளியிடம், "எனக்குத்தான் குடுத்து வெக்கலை. இந்தச் சந்தோஷத்துக்கு நீங்களாவது ஒண்ணு பத்த வைங்க முதலாளி" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். திட்டு என்று கேள்விப்பட்ட மறுநாளே திருச்செங்கோட்டு மலை ஏறியிருக்கிறார். பாய்க்கு ஒன்றுமில்லை என்று வந்தால் இந்த ஜென்மத்தில் சுருட்டைத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டு, அன்றைக்கே நிறுத்தியும் விட்டாராம். மும்தாஜ்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாங்கெல்லாம் அல்லாகிட்டக் கேக்க மட்டுந்தாண்ணே செஞ்சோம். நீங்க குடுத்துட்டுக் கேட்டிருக்கீங்க."

கடைசி மார்க்

ஷெட்டில் கருவண்டின் புது அம்பாரம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசிக் கசப்பை எடுக்க வேண்டுமென்று முதலாளி உள் இலையையே மாற்றி, ரெண்டு வருஷமாகப் பொறுமையாகக் கறுக்க வைத்த சரக்கு. சுற்றி முடித்துக் கொண்டு வந்து வைத்தார்கள். எண்ணெய் பூசின மாதிரி ஒரு கருப்பு, கைக்கு நல்ல கனம். காதருகே வைத்து உருட்டினேன், சத்தமே இல்லை, இலை அத்தனை பதம். என்னாலும் பற்ற வைக்க முடியாது, அவராலும் முடியாது. ருசி பார்க்காமல் வெளியே அனுப்பக்கூடாது என்பதோ அவரே போட்ட சட்டம். சுருட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். பத்தியமிருக்கிறவன் முன்னால் பிரியாணியை வைத்த மாதிரி எனக்கு வாயெல்லாம் ஊறியது. ஒரே ஒரு இழுப்பு என்று மனசு கெஞ்சியது, மறைப்பானேன்?

அந்நேரம் பார்த்து செல்வராசு வந்தார். முதலாளியின் பழைய ரிக் வண்டியில் டிரைவராக இருந்தவர். கருஞ்சுருட்டு குடித்துக் குடித்து மீசையே பழுத்துப்போன ஆள். இப்போது வேறொருவர் ரிக் வண்டியோடு வடக்கே கிளம்புமுன் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். முதலாளி அவரை இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்து, கருவண்டைக் கையில் கொடுத்து, தீக்குச்சியைத் தானே கிழித்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்தோம். முதல் இழுப்பில் புருவம் உயர்ந்தது. "மேல்மண்ணுங்க" என்று முணுமுணுத்தார் முதலாளி. பாதிக்கு வந்ததும் செல்வராசு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். நான், "பாறை தாண்டியாச்சு முதலாளி" என்றேன். கடைசி இரண்டு அங்குலம். முகம் கோணவில்லை. கண்ணைச் சொக்கிக்கொண்டு இன்னும் ஆழமாக இழுத்தார். "தண்ணி பாய், தண்ணி!" என்று முதலாளி என் தொடையில் அடித்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கையிலேயே வைத்திருந்த பத்தை அன்றைக்குக் கொடுத்தேன். அவர் எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

செல்வராசுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நல்ல சரக்கை வைத்துக்கொண்டு நீங்கள் ரெண்டு பேரும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆளுக்கொன்று எடுங்கள் என்றார். எங்களுக்கு வேண்டாம் என்றோம். ஏனென்று கேட்டார். டாக்டர், திட்டு, மலை, வேண்டுதல் எல்லாவற்றையும் முதலாளி ஒன்றுவிடாமல் சொன்னார். செல்வராசு கேட்டுக்கொண்டே வந்தவர், விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்த மிச்சத்தை ஒருதடவை பார்த்தார். அதைத் தரையில் தேய்த்து அணைத்தார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்:

"அப்ப இதை எனக்கு எதுக்குங்க குடுத்தீங்க?"

பத்து மார்க் வாங்கின கருவண்டு இன்றைக்கும் விற்காமல் ஷெட்டில் பெட்டியோடு அப்படியே இருக்கிறது, ஏனென்றால் சுருட்டுக்கெல்லாம் மார்க் போட்ட எனக்கும் அதைச் சுற்ற வைத்த முதலாளிக்கும் அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை.